குப்பை வண்டிக்கு ஜெர்மன் பாட்டு

நான் அந்தப் பாட்டின் பெரிய ரசிகை என்று கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்கள் வாயில் மண் விழ. அந்தப் பாட்டுக்காக வார்டு கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டவள் நான்தான், அது உண்மை. அதைக் கேட்டாலே எனக்கு ஆகாது என்பதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்காவது இருக்கட்டும்.

என் பெயர் சுமா. குப்பை வண்டி ஓட்டுகிறேன். என் அப்பா காளியும் இதே வேலைதான் பார்த்தார். அவர் காலத்தில் தள்ளுவண்டி, என் காலத்தில் பேட்டரி வண்டி, அவ்வளவுதான் முன்னேற்றம். எங்கள் ஆட்கள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இந்த ஊரைக் கூட்டவும் அள்ளவும் கொண்டுவரப்பட்டவர்கள். வந்து எத்தனையோ காலம் ஆகியும் வீட்டுக்குள் தமிழ்தான் பேசுகிறோம், வேலையும் மாறவில்லை.

என்னோடு வண்டியில் வருகிறவர் சரோஜம்மா. உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் எனக்கு அக்கா. நான் ஓட்டுவேன். அவர் பின்பக்கப் பலகையில் நின்றபடி வந்து, ஒவ்வொரு வாசலிலும் இறங்கிப் பைகளை வாங்கிக் கொட்டுவார். முன்பெல்லாம் வண்டி வருவதைத் தெருவுக்குச் சொல்ல அக்காவின் தொண்டையே போதும். "வேஸ்ட்டேய்" என்று ஒரு குரல் கொடுத்தால், பஜார் ரோட்டு மிளகு குடோனில் மூட்டை மேல் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

வண்டிகளைக் குத்தகைக்கு எடுத்த காண்டிராக்டருக்கு இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அவர் மகள் கல்யாணம் எறணாகுளத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. பெண் மேடைக்கு நடந்து வரும்போது நாலு பேர் உட்கார்ந்து வயலினில் ஒரு பாட்டு வாசித்தார்களாம். மனுஷன் அழுதுவிட்டாராம். அழுதவர் மூக்கைச் சிந்திவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பாட்டையே எல்லாக் குப்பை வண்டிக்கும் மாட்டிவிட்டார்.

உங்களுக்கும் தெரிந்த பாட்டுதான். கல்யாண வீடியோ, ஹோட்டல் லிஃப்ட், பல் டாக்டர் வீட்டு வராந்தா, கஸ்டமர் கேர்காரன் ஃபோனில் நம்மைக் காக்கவைக்கும் நேரம், எங்கே போனாலும் அதுதான் ஓடும். கீழே தொம், தொம் என்று எட்டு அடி நிதானமாக நடக்கும். மேலே வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துகொள்ளும். ஒரு தடவை கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவை.

எங்கள் பெட்டியில் அது முழுசாகவும் ஓடாது. மலிவான பெட்டி, அதில் பாட்டுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடி, ஏழாவது அடி விழுந்ததும் வெட்டிக்கொண்டு முதலுக்குப் போய்விடும். மறுபடி தொம். மறுபடி ஏழு. மறுபடி வெட்டு. காலையில் வண்டியை எடுத்ததிலிருந்து கடைசி வாசல் வரைக்கும் இதே கதை.

முதல் வாரமே நாங்கள் அதை அணைத்துவிட்டுப் பழையபடி குரல் கொடுத்துப் பார்த்தோம். ரெசிடன்ஸ் அசோசியேஷன் வாட்ஸாப் குரூப்பில் 'வண்டி வரவில்லை' என்று புகார் போனது. வண்டி வாசலில் நின்றது, பையை வாங்கிக்கொண்டது, ஆனாலும் பாட்டு வரவில்லையாம், அதனால் வண்டியும் வரவில்லையாம். காண்டிராக்டர் ஆள் அனுப்பி, பெட்டியின் ஒயரை வண்டிச் சாவியோடு சேர்த்து இழுத்துவிட்டார். சாவியைத் திருப்பினால் பாட்டு. பாட்டு நிற்க வேண்டுமானால் வண்டி நிற்க வேண்டும்.

கூம்பு ஸ்பீக்கரை மாட்டியிருந்த இடம் பின்பக்கம், சரோஜக்காவின் தலைக்கு ஒரு முழம் மேலே. மழைக்காலம் முடிவதற்குள் அக்காவுக்குக் காதில் இரைச்சல் வந்துவிட்டது. பள்ளுருத்தியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உள்ளே விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்" என்றார். ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ராத்திரி ஃபேன் ஓடுதுல்ல சுமா, அதுக்குள்ளயும் இதுதான் பாடுது" என்றார் அக்கா பஸ்ஸில் வரும்போது. "தூக்கமே இல்ல. பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு."

எனக்குக் காண்டிராக்டரின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அவர் ஃபோன் எடுக்கவில்லை. அவருடைய ஆபீஸுக்கு அடித்தேன். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு போட்டார்கள். என்ன பாட்டு என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வழியில் விஸ்வநாத் மாஷின் வீடு இருக்கிறது. வாத்தியாரை இங்கே மாஷ் என்றுதான் சொல்வோம். பாலக்காட்டு ஐயர் குடும்பம். வெள்ளைக்கார முறையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறவர். பாட்டுப் பெட்டியோடு நாங்கள் அவர் சந்துக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று, மேல்துண்டுகூட இல்லாமல் வாசலுக்கு ஓடி வந்தார்.

"நிறுத்து, நிறுத்து! ஏழோட வெட்டறதே! எட்டாவது எங்கே?"

"பெட்டி அப்படித்தான் பாடுது மாஷே. நாங்க என்ன செய்ய?" என்றேன்.

"எட்டாவதாக்கும் முதலாவதைத் திரும்பக் கூப்பிடறது. அதை வெட்டிட்டா? வாசல்ல மணியடிக்காம ஒருத்தன் நேரா அடுக்களையில வந்து நிக்கற மாதிரியாக்கும் இது."

அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றியதோ, நாங்கள் பை வாங்கி முடிக்கும் வரை நின்று விளக்கினார். இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் வாசித்தால் அது கார்டு. இந்தப் பாட்டுக்கு எட்டே கார்டு. அதே எட்டு, அதே வரிசை, பாட்டு முடியும் வரை மாற்றமே இல்லை. எழுதியவர் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன்காரர். பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

"மேல வயலின்காராள்ளாம் பறந்துண்டிருப்பா" என்றார் மாஷ். "கீழ பெரிய வயலினைக் காலுக்கு நடுவுல வெச்சுண்டு ஒருத்தன் உக்காந்திருப்பான். அவனுக்கு எட்டே எட்டு சுரம். தொடக்கத்துலேர்ந்து முடியற வரைக்கும் அதையே இழுக்கணும். எத்தனை கல்யாணத்துல நானே இழுத்திருக்கேன் தெரியுமோ? அவன் பாடு ரொம்பப் பாவமாக்கும்."

"அவனுக்குக் கூலியாச்சும் ஒழுங்காக் குடுப்பாங்களா?" என்று அக்கா கேட்டார். மாஷ் வாய்விட்டுச் சிரித்தார். உண்மையைச் சொன்னால், அன்று அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இந்த எட்டின் மேல் எந்தப் பாட்டையும் ஏற்றலாம், பாதி சினிமாக்காரர்களுக்கு இதை வைத்துத்தான் சோறு என்றும் அவர் சொல்லியிருந்தார். நிஜமா என்று நானும் அக்காவும் வழியெல்லாம் பாடிப் பார்த்தோம். காதல் பாட்டு ஏறியது. ஒப்பாரி ஏறியது. மாரியம்மன் பாட்டைக் கொஞ்சம் மெதுவாக்கினால் அதுவும் ஏறி உட்கார்ந்தது. தேர்தல் சமயத்தில் எதிரே வந்த ஜீப்பின் கட்சிப் பாட்டும் ஏறியது, அதற்குப் பின்னால் வந்த எதிர்க்கட்சிப் பாட்டும் ஏறியது. சிரித்துச் சிரித்து அக்கா பலகையிலிருந்து விழப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் அடியில் அந்த எட்டு நடப்பது எனக்குக் கேட்க ஆரம்பித்தது. டீவியில் பாட்டு, கோயிலில் பாட்டு, என் மகன் விபினின் ஃபோனில் பாட்டு, எல்லாமே குப்பை வண்டியாகிவிட்டது. உலகத்தில் எனக்கென்று இருந்த பாட்டையெல்லாம் ஒரு தகரப் பெட்டி பிடுங்கிக்கொண்டது. சும்மா கேட்டுக்கொண்டு சமைப்பேனே, அதுகூடப் போய்விட்டது. எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஃபோர்ட் கொச்சியில் மாஷின் மாணவர்கள் கச்சேரி நடந்தது. அவர் மகள் ஸுப்ரியாதான் கடைசியில் வாசித்தாள். நல்ல பெண். பையை வாசலில் வைத்துவிட்டு ஓடாமல், நின்று கையில் கொடுக்கிற பெண். மேலே படிக்க வெளிநாட்டுக்குப் போகிறவள், போவதற்கு முன் சொந்த ஊரில் ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். அவள் எடுத்தது அதே பாட்டு. நாலு அடி போயிருக்கும், கூட்டத்திலிருந்து ஒரு குழந்தை "வேஸ்ட் வண்டி வந்நே!" என்று கூவியது. ஹாலே சிரித்துவிட்டது. அடக்கப் பார்த்தவர்களும் அடக்க முடியாமல் சிரித்தார்களாம். ஸுப்ரியா வில்லை இறக்கினாள், உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

மாஷ்தான் கேட்டில் நின்றபடி எங்களிடம் இதைச் சொன்னார். கண் சிவந்திருந்தது. அந்தப் பாட்டு எங்கள் இரண்டு பேரையும்தான் கெடுக்கிறது என்று நினைத்திருந்தேன், இப்போது அந்தப் பிள்ளையையும் கெடுத்துவிட்டதே என்று இருந்தது.

"வார்டு கூட்டத்துல பெட்டிஷன் குடுத்திருக்கேன்" என்றார் மாஷ். "அதை எடுத்தே ஆகணும். நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொன்னா நன்னாருக்கும்."

"ஒரு வார்த்தையா? ஒம்பது வார்த்தை சொல்றேன் மாஷே!" என்றேன்.

திரும்பும் வழியில் அக்கா பலகையிலிருந்து இறங்கி என் பக்கம் வந்தார். பாட்டுக்கு மேலே கத்திச் சொன்னார்: "நீ வாய் உள்ளவ. நீ சொன்னா நின்னுரும்டீ." அவர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கையைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

கூட்டத்துக்கு நாங்கள் குளித்து, பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு போனோம். அக்கா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். நாங்கள் போய் உட்கார்ந்ததும் எங்களுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. பின்னால் வந்தவர்கள் சுவர் ஓரம் நின்றார்கள். இதெல்லாம் பழக்கம்தான். பழக்கம் என்றால் வலிக்காது என்று அர்த்தம் இல்லை. அக்கா சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கவுன்சிலர் ரஜிதா மேடம் தெருவிளக்கு, ஓடை, நாய் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு எங்கள் விஷயத்துக்கு வந்தார். பெட்டிஷனை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். அதற்குப் பதிலும் கையோடு கொண்டுவந்திருந்தார். அவர் தம்பி அஜீஷ் கீபோர்டு வாசிக்கிறவன், கானமேளா என்று மேடைக் கச்சேரி செய்கிற ட்ரூப்பில் இருக்கிறான். வண்டிக்கென்றே அவன் சொந்தமாக, சுத்தத்தைப் பற்றி ஒரு பாட்டு போட்டிருக்கிறானாம்.

"கேட்டு நோக்கலாம், அல்லே?" என்று சொல்லி மேடம் ஃபோனை மைக்கில் பிடித்தார்.

பாட்டு ஆரம்பித்தது. ஊரைச் சுத்தமாக வைப்போம், பிளாஸ்டிக்கைத் தனியாக வைப்போம் என்று ஒரு பெண் குரல் உருகியது. இரண்டு வரிகூட முடியவில்லை. மாஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இதுவும் அதேயாக்கும்! அதே எட்டு! வரிசைகூட மாறலை!"

"மாஷே, லோகத்துல பாதிப் பாட்டு அந்த எட்டு மேலதான நிக்குது?" என்றான் அஜீஷ். "உங்ககிட்டத்தான படிச்சேன், நீங்கதான முதல்ல சொல்லித் தந்தது?"

ஹால் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். மாஷ் சிரிக்கவில்லை. காதின் நுனி வரை சிவந்துபோய் நின்றார். மகள் மேடையில் நின்றபோது கேட்ட சிரிப்பு அவருக்கு மறுபடி கேட்டிருக்க வேண்டும். எங்கள் சிரிப்புக்கு அப்படி ஒரு அர்த்தம் இல்லை, ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்?

மேடம் என் பக்கம் கையைக் காட்டினார். வேலை செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் ஒழுங்காகத்தான் பேசினேன். எந்தப் பாட்டும் வேண்டாம் மேடம், பழையபடி குரல் கொடுத்துக்கொள்கிறோம், அக்காவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது, டாக்டர் சொல்லியிருக்கிறார், எங்கள் காதுக்காக அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள் என்றேன். மேடம் தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"காதெல்லாம் இங்க எதுக்கு?" என்று மாஷ் குறுக்கே வந்தார். நான் இங்கே தமிழில் சொன்னாலும் கூட்டம் முழுக்க மலையாளத்தில் நடந்தது. இதை மட்டும் அவர் தமிழில் சொன்னார். "விஷயம் அந்தப் பாட்டோட மானமாக்கும். சர்ச்சில வாசிக்க வேண்டியதை, கல்யாணத்துல வாசிக்க வேண்டியதைக் கொண்டுபோய் எதுல கட்டித் தொங்கவிட்டிருக்கா பாருங்கோ! இவாளுக்கு ஏதாவது குத்துப்பாட்டு போட்டுக் குடுங்கோ, சந்தோஷமா அள்ளிண்டு போவா. காதாம்! நாள் முழுக்க அந்த நாத்தத்துல நிக்கறவாளுக்குச் சத்தம் என்ன பண்ணும்?"

ஹாலில் பாதிப் பேருக்கு அரைகுறையாகத்தான் புரிந்திருக்கும். எனக்கு முழுசாகப் புரிந்தது. பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அவருக்குக் காது மந்தம்தான், இது மட்டும் சுத்தமாகக் கேட்டிருக்கிறது.

கோபம் வந்தால் எனக்கும் மலையாளம் கழன்றுவிடும்.

"மாஷே, உக்காராதீங்க, அப்படியே நில்லுங்க" என்றேன். "நாத்தம்னு சொன்னீங்களே, யாரோட நாத்தம் அது? என் வீட்டுலேர்ந்து கட்டிக் கொண்டாந்தேனா? உங்க வீட்டு ஊசிப்போன சாம்பார், மேடம் வீட்டு மீன் தலை, அந்தா சுவரோரம் நிக்கிறாங்களே, அவங்க வீட்டுப் பிள்ளையோட டயப்பர், எல்லாம் ஒண்ணாச் சேந்தாத்தான் என் மேல அடிக்கிற நாத்தம். பாட்டு எங்க வண்டில ஏறி நாறிப்போச்சுன்னா, நாற வெச்சது நாங்க இல்ல!"

"நான் அப்படி அர்த்தத்துல சொல்லலை..." என்று மாஷ் ஆரம்பித்தார்.

"எப்படி அர்த்தத்துல சொன்னீங்க? கீழ உக்காந்து எட்டு சுரத்தை இழுக்கறவன் பாவம்னீங்க. அவன் ஏசி ஹால்ல உக்காந்துதான இழுக்கறான்? எங்க அக்கா வெயில்ல நின்னுக்கிட்டுக் கேக்கறாங்க, அவங்க பாவமில்லையா? செத்துப்போன ஜெர்மன்காரனுக்கு மானம் இருக்கு, அவன் பாட்டுக்கு மானம் இருக்கு, எங்களுக்குக் காதுகூடக் கிடையாது, அப்படித்தான?"

யாரோ கை தட்டினார்கள். யாரோ ஃபோனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள்.

"மேடம், அந்தப் பாட்டை எடுக்கக் கூடாது" என்றேன். "கல்யாணப் பொண்ணு நடந்து வர ஆவும்னா, குப்பை அள்ளுறவ வரவும் ஆவும். அதேதான் பாடணும். இந்த மாஷ் வீட்டு வாசல்லயும் பாடணும். குத்துப்பாட்டு வேணும்னா அவர் வீட்டுல போட்டுக்கட்டும்!"

மேடத்தின் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தேன். எங்கள் காலனியில் ஓட்டு இருக்கிறது. ஃபோனில் வீடியோவும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் ஐயர் எங்களை நாற்றம் என்று சொன்ன கூட்டத்தில், அவர் கேட்டதைச் செய்து கொடுத்த கவுன்சிலர் என்று நாளைக்குப் பெயர் வந்தால் என்ன ஆவது? "பாட்டு அவிடெத்தன்னே இருக்கட்டும், ஒரு மாற்றமும் இல்ல, கேட்டோ" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மாஷுக்குத் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் கேட்டது போலிருந்தது. என்னைப் பார்த்தார். மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மேடத்தைப் பார்த்து, ரொம்பச் சின்னக் குரலில், "அப்படின்னா அந்த எட்டாவதையாவது சேத்துடச் சொல்லுங்கோ" என்றார். மேடம் அதை உடனே ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த எங்கள் காலனிப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்தாள். ஒருத்தி சாயா வாங்கித் தருகிறேன் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது, ஒரு அடி உயரமாக ஆனது போலவும் இருந்தது. அக்காவைத் தேடினேன். அவர் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றிருந்தார்.

"அக்கா, பாத்தீங்களா? மூஞ்சி செத்துப்போச்சு அந்தாளுக்கு" என்றேன்.

"பாத்தேன்."

"பின்ன ஏன் இப்படி நிக்கிறீங்க? அவன் பேசினது உங்களுக்கு வலிக்கலையா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் என்னிடம் கோபித்து நான் பார்த்ததே இல்லை.

"வலிச்சிதுடீ. உனக்கு வலிச்ச மாதிரிதான் எனக்கும் வலிச்சிது. ஆனா எனக்குக் காதும் வலிக்குதுல்ல?"

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"அவனைத் திட்டிட்டு, பெட்டியையும் எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அக்கா. "ரெண்டையும் சொல்ல உன் வாய்க்கு ஏலாதா?"

பஸ் வந்தது. அக்கா ஏறினார். நான் ஏறவில்லை.

அதை நான் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் பெட்டியை எடு என்று சொல்லியிருந்தால் மாஷ் ஜெயித்ததாக ஆகியிருக்கும். எங்கள் நாற்றத்திலிருந்து பாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாலு பேர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள். அதற்கு நான் கை தூக்குவதா? அன்றைக்கு எழுந்தது தப்பு என்று நான் இன்னும் நினைக்கவில்லை. நாளைக்கே அந்த ஹாலில் அதே பேச்சு வந்தாலும் அதையேதான் சொல்வேன். அக்கா சொன்னதும் சரிதான். இது இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

புதுப் பெட்டி சீக்கிரமே வந்தது. கவுன்சிலரே கேட்டதால் காண்டிராக்டர் நல்ல சாமானாக வாங்கிவிட்டார். எட்டும் முழுசாக இருக்கிறது. சத்தம் பழையதைவிட ஜாஸ்தி. மாஷ் எங்கள் வண்டி வரும் நேரத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். பையை ஸுப்ரியாதான் கொண்டுவந்து தருகிறாள், கையில்தான் தருகிறாள், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்ற எல்லார் மேலும் இருக்கிறது.

அக்கா புதுப் பெட்டியோடு இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லி, பள்ளுருத்தியில் ரோடு கூட்டும் வேலைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வயதில், அந்த வெயிலில், குனிந்து கூட்டுகிற வேலை. வண்டி வேலை கிடைக்காதா என்று அங்கிருப்பவர்கள் எல்லாம் ஏங்குகிறார்கள். அக்கா வண்டியிலிருந்து துடைப்பத்துக்குப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டியை நிரப்பிக்கொண்டு கொட்டுகிற இடத்துக்குப் போக எனக்குப் பள்ளுருத்தி வழிதான். அங்கே அக்காவைத் தூரத்திலிருந்தே பார்ப்பேன். என் வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் போய்விடுவார். வண்டி தாண்டிய பிறகு கண்ணாடியில் பார்த்தால் மறுபடி ரோட்டில் நிற்பார். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். தினமும் தற்செயல் நடக்காது. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது, வராமல் என்ன?

நேற்று சந்து முனையிலேயே வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்தேன். பாட்டு நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா எட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே வந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது. இளைத்திருந்தார்.

"தூக்கம் வருதா அக்கா?" என்று கேட்டேன்.

"இப்பக் கொஞ்சம் வருது."

"என் மேல இன்னும் கோவமா?"

"கோவம் என்னத்துக்கு? நீ போ, வண்டியை நடு ரோட்டுல போட்டுட்டு நிக்காத. திட்டுவானுங்க." சொல்லிவிட்டுத் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். நாலு அடி போய்த் திரும்பினார். "சுமா, நான் அந்த வளைவைத் தாண்டுற வரைக்கும் சாவியைத் திருப்பாத, என்ன?"

சரி என்றேன். அக்கா மெதுவாகத்தான் நடந்தார், முழங்கால் வலி வேறு. எனக்குப் பின்னால் ஓர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று அதுவும் அடித்தது. கண்டக்டர் தலையை நீட்டி என் அப்பாவையும் சேர்த்துத் திட்டினான். திரும்பத் திட்ட எனக்கு நன்றாகவே தெரியும். வாயைத் திறக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வளைவில் மறையும் வரை சாவியைத் தொடவில்லை.